"ஐ பிட் பேக்": அடக்கினேனா, திருப்பிக் கடித்தேனா?

கேள்வி:

டீச்சருக்கு வணக்கம். நான் ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலில் கவுண்டரில் வேலை செய்கிறேன். வயது 24. தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு இடைநிலைப்பள்ளி முடித்துவிட்டு வேலைக்கு வந்தவள். போன மாதம் ஒரு விருந்தினர் காலை 11 மணிக்கே வந்து அறை கேட்டார். 3 மணிக்குத்தான் கிடைக்கும் என்றேன். எல்லார் முன்னாலும் கத்தினார். என் நிறத்தைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னார். நான் ஒன்றுமே பேசவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஷிப்ட் முடிந்ததும் லாக் புக்கில் இப்படி எழுதினேன்: "தி கெஸ்ட் ஷவுட்டட் அட் மீ. ஐ பிட் பேக். ஆஃப்டர் தட் ஹி வென்ட் அவே." இரண்டு நாளில் ஷோ காஸ் லெட்டர், அதாவது விளக்கம் கேட்டுக் கடிதம், வந்துவிட்டது. விருந்தினரை எதிர்த்துப் பேசியதாக நானே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறேனாம். அகராதியை எடுத்துப்போய்க் காட்டினேன். 'சொல்ல வந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வது' என்று அதில் இருக்கிறது. மேனேஜர் அதே பக்கத்தில் அடுத்த வரியைக் காட்டினார். 'கோபமாகப் பதிலடி கொடுப்பது' என்று இருக்கிறது! ஒரே சொல்லுக்கு இப்படி நேர் எதிரான இரண்டு அர்த்தம் இருக்குமா? யார் சொல்வது சரி? இந்த வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். என்ன எழுதுவது? எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகிற என் தம்பியும் 'பைட்' (கடி; 'பிட்' அதன் இறந்தகாலம்) வரிசையில் மற்றவற்றைக் கேட்டு எழுதச் சொன்னான்.

பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் என் மனம் நின்ற இடம் அந்த ஆங்கிலச் சொல் இல்லை. நிறத்தைச் சொல்லி ஒருவர் கத்தும்போது வாய் திறக்காமல் நின்றீர்களே, அந்த இடம்தான். அந்தப் பொறுமைக்குக் கிடைத்தது ஒரு ஷோ காஸ் லெட்டர் என்றால் யாருக்கும் வயிறு எரியும். உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் அனுப்பிவிட்டேன். இதே குழியில் விழக்கூடியவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கசப்பான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அகராதியைப் பொறுத்தவரை நீங்கள் இருவரும் காட்டிய இரண்டு வரியும் சரி. ஆனால் லாக் புக்கில் நீங்கள் எழுதிய வாக்கியத்தை ஆங்கிலம் பழகிய எவர் படித்தாலும் உங்கள் மேனேஜர் புரிந்துகொண்டபடிதான் புரிந்துகொள்வார். நீங்கள் செய்தது ஒன்று, வாக்கியம் சொன்னது அதற்கு நேர் எதிர். உங்கள் விளக்கக் கடிதம் இதை ஒப்புக்கொண்டு தொடங்கினால்தான் எடுபடும். "அகராதியில் என் அர்த்தமும் இருக்கிறது" என்று வாதாடினால் மேனேஜர் மறுபடியும் அடுத்த வரியைக் காட்டுவார்.

அந்த அகராதிப் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள். நீங்கள் காட்டிய பொருளுக்கு மேலே வெறும் 'பைட் பேக்' என்று இருக்காது. 'பைட்' என்ற சொல்லுக்கும் 'பேக்' என்ற சொல்லுக்கும் நடுவில் 'சம்திங்' என்று ஒரு சொல் இருக்கும். மாணவர்களுக்கான அகராதிகளில் அதை எஸ், டி, ஹெச் என்ற மூன்று எழுத்தாகச் சுருக்கிப் போடுவார்கள். கண் அதைத் தாண்டிப் போய்விடும். வகுப்பில் நான் அதன் மேல் விரலை வைத்துக் காட்டும்வரை, பல வருடம் அகராதி புரட்டியவர்களே அதைப் பார்த்ததில்லை. மேனேஜர் காட்டிய வரியில் அந்த மூன்று எழுத்து இருக்காது. வேண்டுமானால் 'அட்' என்ற சொல் பின்னால் ஒட்டியிருக்கும்.

முழு விஷயமும் அந்தச் சின்னச் சொல்லில்தான் இருக்கிறது. எதைக் கடித்து அடக்கினீர்கள் என்று சொன்னால், அடக்கிக்கொண்டதாக அர்த்தம். 'ஐ பிட் பேக் மை ஆங்கர்' என்றால் கோபத்தை அடக்கிக்கொண்டேன். 'ஐ பிட் பேக் அ ரிப்ளை' என்றால் நாக்கு நுனிவரை வந்த பதிலை விழுங்கிவிட்டேன். 'எதை' என்பதைச் சொல்லாமல் 'ஐ பிட் பேக்' என்று முற்றுப்புள்ளி வைத்தால், அவர் கடித்தார், நானும் திருப்பிக் கடித்தேன் என்று ஆகிவிடும். யாரைத் திருப்பிக் கடித்தார் என்று சொல்ல விரும்பினால் 'அட்' வரும். 'தி மினிஸ்டர் பிட் பேக் அட் ஹிஸ் கிரிட்டிக்ஸ்' என்று பத்திரிகையில் பார்த்தால், தம்மைக் குறை சொன்னவர்களுக்கு அமைச்சர் காட்டமாகப் பதில் கொடுத்திருக்கிறார் என்று பொருள்.

உங்களுக்கு ஏன் இது தவறியது என்பதைப் பலமுறை யோசித்திருக்கிறேன், ஏனென்றால் என் மாலை வகுப்புகளில் இதே தவறு திரும்பத் திரும்ப வரும். உங்கள் கவனக்குறைவு இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நம் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் ஒரு வசதிதான் இங்கே காலை வாருகிறது. "அவர் கத்தினார், நான் அடக்கிக்கொண்டேன்" என்று தமிழில் சொன்னால் யாரும் "எதை?" என்று கேட்க மாட்டார்கள். கோபத்தைத்தான் என்று கேட்பவருக்கே தெரியும். செயப்படுபொருளை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டாலும் தமிழ் வினை தள்ளாடாமல் நிற்கும். "சாப்பிட்டாயா?", "பார்த்தேன்", "கொடுத்துவிட்டேன்" என்று ஒரே சொல்லில் நாள் முழுக்கப் பேசுகிறோம். அதோடு நம்மிடம் 'கொள்' என்ற துணைவினை இருக்கிறது. கடித்தேன் என்பது வெளியே போகிற செயல். கடித்துக்கொண்டேன் என்றால் செயல் என் பக்கமே திரும்பிவிடுகிறது. தமிழில் உள்ளே வெளியே என்ற திசையை அந்தக் 'கொள்' காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு துணைவினை கிடையாது. அங்கே திசையைக் காட்டுவது அந்தச் செயப்படுபொருள்தான். அதை உருவிவிட்டால் கடி வெளியே பாய்ந்துவிடும்.

இதை மேனேஜருக்குப் புரியவைக்க முடியாது, ஆனால் உங்களுக்குப் புரிய ஒரு தமிழ் உதாரணம் சொல்கிறேன். தமிழ் கற்றுக்கொள்ளும் ஒரு வெள்ளைக்காரர் "விருந்தினர் கத்தினார், நான் கடிந்துகொண்டேன்" என்று எழுதிவிட்டு, "பல்லைக் கடித்துக்கொண்டேன் என்றுதானே எழுதினேன்" என்று நம்மிடம் வந்தால் என்ன சொல்வோம்? 'கடித்துக்கொண்டேன்' என்பது பொறுத்துப்போனது. 'கடிந்துகொண்டேன்' என்பது திட்டியது. நடுவில் ஓரிரு எழுத்துத்தான் வித்தியாசம். நமக்கு அது பகல் போலத் தெரிகிறது, அவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நம் மொழியிலேயே அடக்குவதும் பாய்வதும் இவ்வளவு அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்போது, ஆங்கிலத்தில் அப்படி இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உங்களுக்கு எதிராக வேலை செய்திருக்கிறது. அடுத்த வரியில் "ஆஃப்டர் தட் ஹி வென்ட் அவே" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கத்தினார், நான் பதிலுக்குக் கடித்தேன், அதன்பிறகு அவர் போய்விட்டார். படிக்கிறவர் மனதில் நீங்கள் அந்த ஆளை விரட்டியடித்த காட்சிதான் எழும். மேனேஜருக்கு ஒரு துளி சந்தேகம் வந்திருந்தாலும் இந்த வரி அதைத் துடைத்திருக்கும்.

ஒரே சொல்லுக்கு எதிர்எதிர் அர்த்தம் எப்படி என்று கேட்டீர்கள். அந்த 'பேக்' என்ற ஒட்டுச்சொல்தான் காரணம். அதற்குப் 'பின்னால்' என்றும் பொருள், 'திருப்பி' என்றும் பொருள். வெளியே வரப் பார்த்த சொல்லைப் பின்னால், தொண்டைக்கே அனுப்புவது ஒன்று. வந்த அடியைத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. 'ஹோல்ட் பேக்' என்பதில் முதல் வகைப் 'பேக்'கும், 'ஹிட் பேக்' என்பதில் இரண்டாம் வகைப் 'பேக்'கும் இருக்கின்றன. 'பைட் பேக்'கில் இரண்டும் குடியேறிவிட்டன.

வினையோடு இப்படிச் சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தையே மாற்றுவதுதான் வெளிநாட்டாருக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய சிரமம் என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். பினாங்கில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது 1816-இல். அன்று முதல் இன்றுவரை இந்தத் தீவில் ஆங்கிலம் படித்த எல்லாத் தலைமுறையும் இந்தச் சிரமத்தைச் சந்தித்திருக்கும். ஆகவே "நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்" என்று நீங்கள் எழுதியிருப்பதை ஒரு குறைபோல நினைக்கவே நினைக்காதீர்கள். எந்தப் பள்ளியில் படித்தவரும் தடுக்கி விழும் இடம் இது.

மறக்காமல் இருக்க என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது கடிவாளம். குதிரையின் வாயில் போடும் இரும்புத் துண்டுக்கு ஆங்கிலத்தில் 'பிட்' என்றுதான் பெயர், அதுவும் 'பைட்' குடும்பத்துச் சொல். தமிழிலும் கடிவாளத்தில் கடி கேட்கிறது. கடிவாளம் போட ஒரு குதிரை வேண்டும் இல்லையா? கோபம், பதில், கண்ணீர், சிரிப்பு என்று ஏதோ ஒரு குதிரை வாக்கியத்தில் நின்றால், அங்கே 'பைட் பேக்' கடிவாளம். குதிரையே இல்லையென்றால் அது வெறும் பல்.

அந்தக் குதிரைகள் எவை என்பதும் தெரிந்திருப்பது நல்லது. பெரும்பாலும் வாயிலிருந்தோ முகத்திலிருந்தோ வெளிப்படத் துடிப்பவைதான். பதில், காட்டமான வார்த்தை, முனகல், சிரிப்பு, புன்னகை, கண்ணீர், கோபம் எல்லாம் பொருந்தும். பசியையோ தூக்கத்தையோ 'பைட் பேக்' செய்ய முடியாது. குதிரையை எங்கே நிறுத்துவது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'பிட் பேக் மை ஆங்கர்' என்றும் சொல்லலாம், 'பிட் மை ஆங்கர் பேக்' என்றும் சொல்லலாம். ஆனால் 'இட்' என்று சுட்டிச் சொன்னால் அது நடுவில்தான் நிற்க வேண்டும். 'ஐ வாண்டட் டு ஆன்சர், பட் ஐ பிட் இட் பேக்.' இங்கே 'பிட் பேக் இட்' என்று எழுதினால் தவறு. அந்த ஒரு 'இட்' உங்கள் லாக் புக்கில் இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் தப்பித்திருப்பீர்கள். காலமாற்றம் பைட், பிட், பிட்டன். 'பைட்டட்' என்று ஒன்று கிடையாது. தம்பியிடம் சொல்லுங்கள், திருத்துபவர் கண்ணில் உடனே படும் பிழை அது.

"பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்" என்பதைத்தான் நீங்கள் ஆங்கிலத்தில் தேடியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடி என்றதும் கை 'பைட்'டுக்குப் போயிருக்கிறது. பல், நாக்கு, உதடு மூன்றும் இரண்டு மொழியிலும் கடிபடுகின்றன, ஆனால் ஒரே காரணத்துக்காக அல்ல. உதட்டைக் கடிப்பது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அழுகையோ கோபமோ வெளியே வராமல் இருக்க அங்கேயும் உதட்டைத்தான் கடிக்கிறார்கள். நாக்கு அப்படி இல்லை. நாம் நாக்கைக் கடித்துக்கொள்வது சொல்லக்கூடாததைச் சொல்லித் தொலைத்த பிறகு. அத்தையிடம் கல்யாணச் செலவை உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஐ பிட் மை டங்' என்றால் இன்னும் சொல்லவே இல்லை, சொல்ல வந்ததைச் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று அர்த்தம். நம்முடையது சொன்ன பின், அவர்களுடையது சொல்லும் முன். உங்கள் நிலைமைக்கு உண்மையில் பொருந்துகிற சொல்வழக்கு இதுதான். பல்லைப் பொறுத்தவரை அவர்களிடம் 'கிரிட்' என்று வேறு வினை இருக்கிறது. 'ஐ கிரிட்டட் மை டீத்' என்றால் நம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்கு மிகப் பக்கத்தில் வரும்.

ஆனாலும் இதில் எதையும் லாக் புக்கில் எழுத வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. லாக் புக், புகார்ப் பதிவு, விளக்கக் கடிதம் மூன்றும் நாளைக்கு யாரோ முன்பின் தெரியாதவர் படிக்கப்போகிற தாள்கள். அங்கே உருவகம் வேண்டாம். 'ஐ ஸ்டேட் காம். ஐ டிட் நாட் ரிப்ளை.' அமைதியாக இருந்தேன், பதில் பேசவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும், எந்த மேனேஜரும் இதைத் திருப்பிப்போட முடியாது. மொழி தெரிந்தவர் என்று காட்டும் ஆசையில் நம் பிள்ளைகள் பலர் சொல்வழக்குகளை மனப்பாடம் செய்து அலுவலகத் தாளில் தூவுகிறார்கள். அது எனக்கு எப்போதும் கவலை தரும் விஷயம். சொல்வழக்கைப் படிக்கும்போதும் கேட்கும்போதும் புரிந்துகொள்ளுங்கள். கை பழகும்வரை எழுத்தில் வேண்டாம்.

தம்பிக்கு. 'பைட் இன்ட்டு' மூன்று இடத்தில் வரும். ஆப்பிளில் பல் பதிவது, பையின் வார் தோளை அறுப்பது, செலவு வருமானத்தைத் தின்பது. 'ரைசிங் ரெண்ட் பைட்ஸ் இன்ட்டு அவர் சேவிங்ஸ்' என்றால் ஏறும் வாடகை சேமிப்பைக் கரைக்கிறது. 'பைட் ஆஃப்' கடித்துத் துண்டாக்குவது. அதிலிருந்து இரண்டு சொல்வழக்கு பிறந்திருக்கின்றன. மெல்ல முடியாத அளவுக்குக் கடிப்பது என்றால் நாம் அகலக்கால் வைப்பது என்கிறோமே, அதுதான். ஒருவரின் தலையைக் கடித்து எடுப்பது என்று சொன்னால் பயந்துவிட வேண்டாம், சின்னக் கேள்விக்கு வள்ளென்று எரிந்து விழுவது அவ்வளவுதான். 'பைட் டவுன்' பல் டாக்டர் பஞ்சை வைத்துவிட்டு அழுத்திக் கடிக்கச் சொல்வது. 'கம் பேக் டு பைட்' முன்பு செய்தது பின்னால் நம்மையே பதம் பார்ப்பது.

'பேக்பைட்' என்று ஒட்டி ஒரே சொல்லாக எழுதினால் அது வேறு. ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றித் தவறாகப் பேசுவது. தமிழில் புறங்கூறுதல். புறம் என்றாலும் முதுகுதானே, இரண்டு மொழியும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. 'பைட் பேக்' செய்தேன் என்று எழுதப்போய் 'பேக்பைட்' என்று எழுதிவிடாதே என்று அவனிடம் சொல்லுங்கள். மலாயில் 'கிகிட் ஜாரி' அவனுக்குத் தெரிந்திருக்கும். விரலைக் கடிப்பது, அதாவது எதிர்பார்த்தது கிடைக்காமல் ஏமாந்து நிற்பது. இதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் யாருக்கும் புரியாது. 'ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலீஷ்' தாளுக்குப் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் தனியாக மனப்பாடம் செய்யாமல், எதை, யாரை, எங்கே என்ற மூன்றோடு சேர்த்து முழு வாக்கியமாக நோட்டில் எழுதிப் படிக்கட்டும்.

இனி உங்கள் விளக்கக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதலில் நடந்ததை நேரத்தோடு எழுதுங்கள். 11 மணிக்கு அவர் வந்தது, அறை 3 மணிக்குத்தான் என்று நீங்கள் சொன்னது, அவர் கத்தியது. நிறத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையையும் விடாமல், அவர் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். அதை எழுத உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அது நடந்ததாக நிறுவனத்தின் தாளில் இருக்க வேண்டும். அடுத்து, 'ஐ டிட் நாட் ஆன்சர் ஹிம் பேக்' என்று நேராக ஒரு வரி. பிறகு லாக் புக் வாக்கியத்துக்கு வாருங்கள். 'ஐ மென்ட் டு ரைட் தட் ஐ பிட் பேக் மை ஆங்கர். ஐ லெஃப்ட் அவுட் டூ வேர்ட்ஸ், அண்ட் தி சென்டென்ஸ் கேவ் தி ஆப்போசிட் மீனிங். தி மிஸ்டேக் இஸ் இன் மை இங்கிலீஷ், நாட் இன் மை காண்டக்ட்.' கோபத்தை அடக்கினேன் என்று எழுத நினைத்தேன், இரண்டு சொல் விட்டுப்போய் எதிரான அர்த்தம் வந்துவிட்டது, பிழை என் ஆங்கிலத்தில், என் நடத்தையில் இல்லை என்பதுதான் இதன் பொருள். மன்னிப்பு கேட்பதாக இருந்தால் வாக்கியம் தெளிவாக இல்லாததற்கு மட்டும் கேளுங்கள். எதிர்த்துப் பேசியதற்கு என்று தவறிக்கூட எழுதாதீர்கள், நீங்கள் பேசவில்லை.

கவுண்டருக்கு மேலே கேமரா இருக்குமே. அந்த நாள் பதிவைப் பார்க்கும்படி கடிதத்திலேயே கேளுங்கள், இன்றே கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடுவது வழக்கம். கேமராவில் குரல் பதியாவிட்டாலும் உங்கள் வாய் அசையாமல் இருந்தது தெரியும். பக்கத்தில் நின்ற ஊழியர் யாராவது இருந்தால், அவர் சம்மதித்தால், பெயரைக் குறிப்பிடுங்கள். அனுப்பும் கடிதத்தின் ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகும் விசாரணை என்று கூப்பிட்டால் அது என் துறை இல்லை. தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ உடனே பாருங்கள்.

லாக் புக்கில் எழுதிய அந்த வரியை மட்டும் அடிக்கவோ, நடுவில் சொல் சேர்க்கவோ வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே இன்றைய தேதி போட்டு, 'ஐ ஸ்டேட் காம். ஐ டிட் நாட் ரிப்ளை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.